தனி அறை இருந்ததா?

வீட்டுக்கு ஒன்றாக நான் நிரப்பிக் கொடுத்த பன்னிரண்டு கேள்வித்தாள்களையும் மிஸ் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களின் உடல்நலமும் பராமரிப்பும் வேலையும் எப்படி மாறின என்று ஆராய்கிற விரிவுரையாளர் அவர். பண்டாரவளைக் கடைவீதியில் வளர்ந்தவர். நான் அவருடைய ஆய்வு உதவியாளன், மூன்று மாதத் தவணையில். அதற்குமேல் வேலை நீடிக்குமா என்பது அந்தத் தாள்களைப் பொறுத்திருந்தது.

“ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. லயத்துக்குள்ள போனீங்களா, இல்ல ரோட்டுல நின்னே எழுதிட்டு வந்தீங்களா?”

எனக்குக் காது சுட்டது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் பன்னிரண்டு வீடும் ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் இரண்டு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதியவை அவை.

அவருடைய விரல் பதினோராவது கேள்வியில் நின்றது. ‘நோயாளியைத் தனி அறையில் வைத்திருந்தீர்களா?’ நோய் வந்த ஐந்து வீட்டிலும் ‘ஆம்’ என்று எழுதியிருந்தேன்.

“ஒவ்வொரு வீடும் ஒரு காம்பராவும் முன்னால உக்கார ஒரு இஸ்தோப்பும்தானே? இருக்கிறதே ஒரு அறை. தனி அறை எங்கருந்து வந்துச்சு?”

அடுத்த கேள்வி, வேறு வீட்டு நோயாளி யாரையாவது பராமரித்தீர்களா என்பது. பன்னிரண்டு தாளிலும் ‘இல்லை’.

ஹாலிஎலைக்கு மேலே அப்படி ஒரு லயத்தில்தான் நானும் பிறந்தேன். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தது நான் மட்டும். மிஸ்ஸுக்குத் தெரிந்த கணக்கு எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பெண்கள் ‘தனிக் காம்பராவுலதான் வச்சிருந்தோம்’ என்று சொன்னபோது என் பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கேட்டதும் சரி என்றே பட்டது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

“ஞாயித்துக்கிழம நானும் வாறேன். அதுவரைக்கும் இதுகள ஒதுக்கி வைக்கிறேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் மேடேறினோம். முதல் வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்தார்.

“என்னா தம்பி, பெயிலாகிட்டீங்களா? டீச்சரயே கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க.”

மிஸ் நேராகக் கேட்டார்: “உங்க வீட்டுல தனிக் காம்பரா எது, அக்கா?”

அக்கா நாடியால் லயத்தின் கோடியைக் காட்டினார். “அந்தா, அந்தக் கடைசி மூணும்.”

“அது வேற ஆளுங்க வீடு இல்லையா?”

“ஆமாங்க. அவங்க நம்ம வீட்டுல இருந்தாங்க.”

இதிலென்ன கேள்வி என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கதை துண்டு துண்டாக வந்தது. முதல் ஆளுக்கு நோய் என்று தெரிந்த அன்று, பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றே முடிவெடுத்திருக்கிறார்கள். சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்களாம். கடைசி மூன்று காம்பராவும் நோயாளிகளுக்கு. அங்கிருந்த மற்றவர்கள் மீதி ஒன்பதுக்குள். பிள்ளைகளுக்கு ஒரு காம்பரா, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு. மூன்று அடுப்பில் எல்லோருக்கும் சோறு.

புத்தகங்களில் நான் இரவு பகலாகப் படித்த ஏற்பாடு அது. அதைப் படிக்காதவர்கள் ஒரு சாயங்காலத்தில் செய்து முடித்திருக்கிறார்கள்.

“உள்ள இருந்தவங்கள யார் பாத்தது?” என்றார் மிஸ்.

எல்லோரும் கோடி வீட்டுப் படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்கள். முதலில் நோய் வந்தது அவருக்குத்தான். பதினான்கு நாளில் வெளியே வரலாம் என்று பரிசோதகர் சொன்ன பிறகும் அவர் வரவில்லை. கடைசி ஆள் எழுந்து நடக்கும்வரை உள்ளேயே இருந்திருக்கிறார். அவருடைய குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது.

“எனக்குத்தான் வந்து போயிருச்சே. வராதவங்க எதுக்கு உள்ள வரணும்?” என்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன். “அக்கா, அன்னைக்கி வேற வீட்டு நோயாளி யாரையும் பாத்துக்கலன்னு சொன்னீங்களே?”

“பாத்துக்கலியே தம்பி. நம்ம ஆளுங்களத்தானே பாத்தேன்.”

மிஸ் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம், “பன்னிரண்டு தாளும் நிக்கட்டும். ஒண்ணையும் மாத்த வேணாம். பின்பக்கத்துல எழுதுங்க, யாரு எங்க படுத்தாங்கன்னு,” என்றார்.

எழுதத் தொடங்கினேன். உடனே சண்டை வந்துவிட்டது. நாலாம் காம்பராவில் எட்டுப் பிள்ளைகளா ஒன்பதா?

“ஒம்பது. இவ புள்ளயயும் சேத்து,” என்றார் நாலாம் வீட்டு அக்கா. “மொத ரெண்டு ராவும் அது படுக்கல. இவ சீலையக் கேட்டு வாங்கி, சோப்புப் போட்டு அவிச்சி, காயவச்சி விரிச்சேன். அதுமேல போட்டதும்தான் தூங்குச்சி.”

சுளகு நின்றது.

“இத நீ எனக்குச் சொல்லவே இல்லையேடி,” என்றார் கோடி வீட்டுப் பெண்.

“நீ கேக்கவே இல்லையே. சீலைக்கு என்னா ஆச்சின்னுதான் கேட்ட.”

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார், சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ‘ஒன்பது’ என்று எழுதினேன்.