அத்தை திருத்திய வாக்கியம்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லிக்கொண்டு அத்தை சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அரைப் பரீட்சை முடிந்து முழுப் பரீட்சையும் நெருங்கிவிட்டது, அத்தை போகவில்லை. மாமா ஏன் வந்து அழைத்துப்போகவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தலை பின்னிவிட ஆள் கிடைத்ததில் நானும் கேட்கவில்லை.

ஆங்கில டீச்சர் 'இன்ஃபினிட்டி' என்ற சொல்லைக் கொடுத்து, அதன் பொருளும் பிறப்பும் எழுதி, சொந்தமாக ஒரு வாக்கியமும் அமைத்து மாதக் கடைசிக்குள் காட்டச் சொன்னார். அத்தை கைப்பேசியில் தேடிப் பார்த்தார்.

"லத்தீன் வார்த்தைடி. 'இன்'னா இல்லை. 'ஃபீனிஸ்'னா முடிவு. எல்லைன்னும் போட்டிருக்கு."

"முடிவா, எல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க அத்தை."

"ரெண்டும்தான்."

எனக்குக் குழம்பிவிட்டது. எங்கள் காம்பவுண்டு சுவர் எல்லைதான். ஆனால் தெரு அங்கே முடியவில்லையே?

வாக்கியத்துக்கு வானம், கடல் என்று வகுப்பே எழுதிக்கொண்டு வரும். எனக்கு வேறு வேண்டியிருந்தது. முந்தின வாரம் சமையலறையில் அம்மா அப்பாவிடம், "உங்க தங்கச்சி இங்க இருக்கறதுக்கு ஒரு முடிவே இல்லையா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அப்பா பதில் சொல்லியிருக்கவில்லை. அப்படியென்றால் முடிவு இல்லை என்றுதானே பொருள்! 'எங்கள் வீட்டில் அத்தை இருப்பது ஒரு இன்ஃபினிட்டி' என்று ஆங்கிலத்தில் எழுதி, பெருமையோடு அத்தையிடமே நீட்டினேன்.

ஒற்றை வரியை அத்தை வெகுநேரம் படித்தார். இன்ஃபினிட்டிக்கு முன்னால் நான் போட்டிருந்த 'எ'யை அடித்து 'ஆன்' என்று திருத்தினார்.

"நீயா யோசிச்சியா?"

பாராட்டில் அம்மாவுக்கும் பங்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். "அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க. அதை வெச்சுதான் எழுதினேன்."

"நல்லா இருக்கு," என்றார்.

அடுத்த வாரமே குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலையும் பெண்கள் விடுதியில் இடமும் பார்த்துக்கொண்டு அத்தை கிளம்பிவிட்டார். அம்மா அவர் பையைப் பிடித்து நிறுத்தி, "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலை அண்ணி."

ஆட்டோ நகரும்போது எனக்குத் திடீரென்று பதற்றமாகிவிட்டது. "அத்தை, நீங்க போயிட்டா நான் எழுதினது தப்பாயிடுமே!" என்று கத்தினேன். அத்தை சிரித்தார். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னடி எழுதினே?" என்றார் அம்மா.

ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன். படித்துவிட்டு அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என் மார்க் குறைந்துவிடும் என்றுதான் கலங்குகிறார் என நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதீங்கம்மா. வானம்னு மாத்தி எழுதிடறேன்."