ஆவணியில் வைத்த குடில்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் எல்லார் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலிலும் நெல் நாற்று பச்சைப் பசேலென்று நிற்க, நம் வீட்டில் மட்டும் ஏன் பாசிப்பயறு என்று என் மகள் வருஷா வருஷம் கேட்கிறாள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒரத்தநாட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குச் சவுதியில் வேலை கிடைத்தது. விமானம் ஏற ஒரு வாரம் இருக்கும்போது, இந்த வாரமே நம் வீட்டில் கிறிஸ்துமஸ் என்று அறிவித்தார். ஆவணி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கும் அக்காவுக்கும் காரணம் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலமே அப்பா மூங்கில் சிம்பு சீவி ஸ்டார் கட்ட உட்கார்ந்தார். குடிலுக்கு நாற்று வேண்டுமே, ஒரு படி விதைநெல்லை ஊறப்போடு என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் ஊறிய நெல்லை அம்மா கொண்டுவந்தபோது அவர் கை முழுக்கப் பசை.

“விதைநெல்லுதானே?”

“அந்தச் சாக்குல இருந்ததுதாங்க.”

அப்பா நிமிர்ந்து பார்க்காமலே தாம்பாளத்து மண்ணில் தூவி, வைக்கோலால் மூடினார். தினம் காலையில் அம்மா அதற்குத் தண்ணீர் தெளித்தாள்.

அந்த வாரம் நாங்கள் சுற்றாத இடமில்லை. வாய்க்காலில் அந்த வருஷம் தண்ணீர் வரவில்லை. எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. நடு வாய்க்காலில் உட்கார்ந்து களிமண் எடுத்தோம். அக்கா செய்த ஆடுகள் பன்றி மாதிரி இருந்தன. நான் செய்த ஒட்டகத்தின் ஒரு கால் ஒடிந்துவிட்டது. சவுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒட்டகத்துக்கு எத்தனை கால் என்று எழுதுகிறேன் என்றார் அப்பா. ஸ்டாருக்குக் கலர்தாள் வாங்கத் தஞ்சாவூர் போனோம். இன்னொரு நாள் கல்லணைக்குப் பஸ் ஏறினோம். மதகுகள் மூடியிருந்தன. காய்ந்த மணலில் அக்காவும் நானும் ஓடிப் பிடித்து விளையாடினோம். அப்பா மதகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆளுக்கொரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

வாசலில் ஸ்டார் ஏறியதும் சித்தப்பா வந்து சேர்ந்தார்.

“ஏண்ணே, ஆவணியிலயே ஏசு பொறந்துட்டாரா?”

“அவரு எப்பப் பொறந்தாலும் மாட்டுக்கொட்டாயிதான்டா. நீ வந்து கூரைக்குக் கீத்தைப் பிடி.”

குடில் எழும்பியது. மாதா, சூசையப்பர், பன்றி மாதிரி ஆடுகள், மூன்று கால் ஒட்டகம் எல்லாம் தயார். நாற்றுதான் வரவில்லை. நான் மணிக்கொரு தடவை வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். அப்பா போவதற்குள் முளைக்காவிட்டால் பாலன் ஏசுவை எங்கே வைப்பது என்பதே என் கவலை. நான் அழ ஆரம்பித்ததும் அப்பா வந்து மண்ணைக் கிளறி, ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

“இது அவிச்ச நெல்லு.”

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். “ஆமாங்க.”

“எப்ப அவிச்ச?”

“ஆடியில. அரிசி தீந்துபோச்சு. புள்ளைங்க இருக்குல்ல.”

அவித்த நெல் முளைக்காது என்று எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். எங்களைப் பார்த்து, சற்றுத் தாமதமாக, அப்பாவும் சிரித்தார்.

“சித்தப்பன்கிட்ட சொல்லிடாதீங்கடா. அவிச்ச நெல்லை வெதைச்ச வெவசாயின்னு சவுதி வரைக்கும் வந்து சிரிப்பான்.”

அம்மா உள்ளே போய் ஒரு கை பாசிப்பயறு எடுத்து வந்து ஊறப்போட்டாள். பயறு ஏமாற்றாது. அப்பா கிளம்புவதற்கு முந்தின நாள் தாம்பாளம் முழுக்க முளை தலைதூக்கி நின்றது. ஸ்டாருக்குள் பல்பு எரிந்தது. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பயற்றங்காட்டு நடுவில் பாலனை வைத்து, அப்பா பிறப்புப் பாட்டை ராகம் தப்பாகப் பாடினார். தெருவே எட்டிப் பார்த்தது. அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் எனக்கு வாய்த்ததில்லை.

அம்மா அத்தனை நாளும் தெரிந்தே அவித்த நெல்லுக்குத் தண்ணீர் தெளித்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டில் விதைநெல் இருக்கிறது என்ற நினைப்போடு அவர் போகட்டும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து அப்பா பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே என்ன இருக்கிறதோ என்று எனக்கும் அக்காவுக்கும் இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் அவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். உச்சி வெயிலில் ஒரு மூட்டை விதைநெல்லோடு வந்து, அதை அந்தப் பழைய சாக்கு இருந்த மூலையில் சாத்திவைத்தார். அம்மா மூட்டைக்குள் கைவிட்டு நெல்லை அள்ளினாள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறக்காத கோபத்தில் நானும் அக்காவும் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆவணி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.