சட்டைக்கு ஒரு பில்

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட். டிசைனர் உடைகளின் கண்காட்சி என்று நண்பர் பாஸ் கொடுத்திருந்தார். கார் ஓட்டி வந்த குமாரையும் உள்ளே அழைத்துப் போனேன் – பாவம், ஏ.சி.யில் கொஞ்சம் நிற்கட்டுமே என்றுதான்.

அங்கே ஒரு சட்டை. கசங்கிய பருத்தி. ஓரத்தைக்கூட மடித்துத் தைக்கவில்லை. விலை... எண்பத்தைந்தாயிரம்! நான் சைபர்களை இரண்டு தடவை எண்ணினேன். குமார் என் காதருகே வந்து கேட்டார்.

"இத வாங்குறவரு இன்னா வேல பாக்குறாரு சார்?"

கவனித்தீர்களா? துணி எப்படி என்று கேட்கவில்லை. ஆள் யார் என்று கேட்கிறார். இதைப் பொறாமை என்று சொல்லிவிடலாம். எனக்கு வாய் வரவில்லை. காரணம், என் அப்பா.

முப்பது வருடம் இருக்கும். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து நாலு மாதம். பஜாரில் பாய் ஒருவரின் ஜவுளிக் கடையில் ஒரு வெளிர் நீலச் சட்டை வாங்கினேன். நானூறு ரூபாய் – அன்றைக்கு அது பெரிய தொகை. போட்டுக்கொண்டு, திருப்போரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் போய் இறங்கினேன். டீக்கடையில் பேச்சு நின்றது. சம்பளமா, கிம்பளமா என்று யாரோ கேட்டது அப்பா காதிலும் விழுந்துவிட்டது.

 மறுநாள் அப்பா நடவு வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி நேராக பாய் கடைக்கே போய்விட்டார். சட்டையை என் பையன்தான் வாங்கினானா, இல்லை யாராவது வாங்கிக் கொடுத்தார்களா என்று விசாரணை!

பின்னால் பாய்தான் எனக்குச் சொன்னார். மூன்று மாதமாக நான் வந்து வந்து அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுப் போன கதையைக் கேட்டதும், அப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் என் பெயர் போட்டு ஒரு பில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பிள்ளையையே சந்தேகப்படுவதா என்று வீட்டில் குதித்தேன். அப்பா குரலை உயர்த்தவில்லை.

"எனுக்கு இன்னாடா சந்தேகம்? ஊரு கேக்குது... பதில் சொல்லணும்ல."

பொய். சந்தேகம் இல்லாத மனுஷர் எதற்காக ஸ்டூலில் உட்கார்ந்தாராம்?

அந்த பில் பல மாதம் அவர் பையிலேயே இருந்தது. டீக்கடை, ரேஷன் கடை, முருகன் கோயில் வாசல் – என் சட்டையைப் பற்றி எவர் வாய் திறந்தாலும் எடுத்து நீட்டுவார். எனக்கு மானமே போனது. அந்தச் சட்டையைப் பிறகு நான் தொடவே இல்லை. அவர் பில்லைக் காட்டுவதையும் நிறுத்தவில்லை.

விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். 'எப்படி வந்தது' என்றால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். ஊரின் சந்தேகம் அவ்வளவுதான் என்று இப்போது புரிகிறது.

இன்று என் பீரோவில் நாலாயிரம் ரூபாய் சட்டைகூட இருக்கிறது. ஏதுடா என்று கேட்கத்தான்... அப்பா இல்லை.