தலைக்காவிரிக்குக் கார் ஓட்டியவன்

கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் மாடி வீடு கட்டினேன். என் அப்பா கூலிக்கு நாற்று சுமந்த வயலை நானே கிரயம் வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பழைய டிராக்டர் ஒன்றைப் பிடித்துச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சேற்றுழவு ஓட்டி, அதை இரண்டு டிராக்டர் ஆக்கினேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன், மகளை நர்ஸ் ஆக்கினேன். ஒரு காலத்தில் என்னை உட்காரக்கூடச் சொல்லாத பேங்க் மேனேஜர், என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். இதில் எதையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஆனாலும் எது பெரிது என்று கேட்டால், வலங்கைமான் பக்கத்திலிருந்து தலைக்காவிரி வரைக்கும் நானே கார் ஓட்டிக்கொண்டு போய் வந்ததைத்தான் சொல்வேன்.

என் வீட்டுக்காரி வாய்விட்டு ஒன்றும் கேட்காதவள். காலமெல்லாம் காவிரித் தண்ணீரில் குனிந்து நடவு நட்டவள். முழங்கால் ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்த அன்றைக்குத்தான், அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மகன் டிரைவர் போடலாம் என்றான். என் வண்டியை இன்னொருவன் ஓட்ட நான் பக்கத்தில் உட்காருவதா? முடியாது என்றேன். அப்போதுதான் அவன் ஒரு கண்டிஷன் போட்டான்.

"அப்பா, வழியில எங்கயாச்சும் வண்டி சிக்குச்சுன்னு தெரிஞ்சா, ஊருக்கு வந்ததும் சாவி என்கிட்ட வந்துடணும். அப்புறம் கும்பகோணத்துக்குக்கூட நீங்க ஓட்டக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு ஆவணி மாதத்தில் கிளம்பினோம். திருச்சி, கரூர், ஈரோடு தாண்டி சத்தியமங்கலம். திம்பம் மலை வளைவுகளில் எனக்குப் பின்னால் வந்த சின்னப் பையன்களெல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள். நான் என் வேகத்தில்தான் ஏறினேன். நெடும்பயணத்தில் நான் கற்றது இது: முந்துகிறவனை விட்டுவிட வேண்டும், அவனை அடுத்த டீக்கடையில் பார்க்கலாம். பார்த்தேன்.

இன்னொன்றும் கற்றேன். வீட்டில் நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் மாடு, உரம், பிள்ளைகள் பீஸ், இவ்வளவுதான். காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் பேச்சு தானாக வருகிறது. எனக்குப் பிடிக்கும் என்று இத்தனை வருஷமாக அவள் வைத்த கத்திரிக்காய்க் குழம்பு அவளுக்கு அறவே பிடிக்காதாம். மைசூருக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் அது அப்படியொன்றும் பிடிக்காது என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள்.

மைசூர் தாண்டி, சாப்பாட்டுக்காக ஒரு மண் பாதையில் வண்டியை இறக்கி நிறுத்தினேன். பக்கத்திலேயே பச்சைப் பயிர் நின்ற வயல். அதன் வரப்பு உடைந்து, தண்ணீர் கொட்டுகொட்டென்று வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு நாற்றங்காலுக்கே தண்ணீர் வந்து சேரவில்லை. கடைமடைக்காரன் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்குமா? வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். அவள் புல்கட்டியாகப் பெயர்த்துப் பெயர்த்துக் கொடுத்தாள், நான் சேறு வைத்து அடைத்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. அப்படி ஓர் அடைப்பு. பிறகு மரத்தடியில் நிம்மதியாகப் புளிசாதம் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு எழுந்தால், அடைபட்ட தண்ணீர் வரப்பின் தாழ்ந்த பக்கமாக வழிந்து மண் பாதைக்கு வந்திருந்தது. காரின் இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் பாதி இறங்கிவிட்டன. என்ன ஆக்சிலேட்டர் கொடுத்தும் வண்டி இன்னும் இறங்கியதே ஒழிய ஏறவில்லை. இறங்கியது சக்கரம் இல்லை, என் சாவி என்றுதான் எனக்குத் தோன்றியது.

வயல்காரர் வந்தார். ஈரோட்டில் தறி வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாகவே வந்தது.

"யாருங்க இதை அடைச்சது?"

தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அடைத்ததாகச் சொன்னேன். உரம் போடுவதற்காக அவரே வெட்டி வடிய விட்டதாம். ஆள் வருகிற நேரத்தில் வயல் நிறைந்து நிற்கிறதே என்று கத்தினார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் வடிய விடுற தண்ணி ஆத்துல விழுந்து உங்க ஊருக்குத்தானய்யா வருது. அதையும் நீங்களே வந்து அடைச்சா எப்படி?"

என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடைப்பை நானே வெட்டிவிட்டேன். அவர் டிராக்டர் கொண்டுவந்தார். கயிற்றை எங்கே மாட்ட வேண்டும், எப்போது கிளட்சை விட வேண்டும் என்றெல்லாம் நான்தான் சொன்னேன். வண்டி ஒரு கீறல் இல்லாமல் மேலே வந்தது. அதற்குள் இவள், சேற்றில் சாய்ந்து நின்ற காரைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டிருந்தாள். அழகாக இருந்ததாம்.

மறுநாள் தலைக்காவிரியில் மழைத்தூறலும் பனிமூட்டமும். படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். காவிரி ஊறி வருகிற அந்தச் சின்னக் குண்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தனூண்டு தண்ணிக்கா இம்புட்டுச் சண்டை?" என்றாள்.

பிறகு கையில் அள்ளி முழங்கால் இரண்டிலும் தடவிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க இன்னும் அவ்வளவு தூரம்கூட ஓட்டுவேன்.

ஊர் வந்து இறங்கியதும் மகன் வாசலில் கையை நீட்டினான். சொன்ன சொல் சொன்னதுதான், சாவியை எடுத்துவிட்டேன். அவள் காரிலிருந்து காலை ஊன்றியபடியே சொன்னாள்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் ராமேஸ்வரம் போவணும்ப்பா. உங்கப்பா பக்கத்துல உக்காந்தாத்தான் எனக்குப் பேச்சே வருது. சாவி அங்கயே இருக்கட்டும்."

சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் என் பிள்ளைகள் சேற்றில் சிக்கிய கதையை மட்டும்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். டிராக்டர் இழுத்தது ஒரு பத்தடி. மலை ஏறியது, இறங்கியது, மழையில் பாதை பார்த்தது, அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் காட்டிக் கொண்டுவந்தது எல்லாம் நான். இனிமேல் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் சேற்றுக்கு வர வேண்டும்.