ஓர் ஓட்டத்துக்கு ஒரு வடை

அப்போது பெருமாநல்லூர் சாலையில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவே நின்று பேசுகிற வேலை. ஆங்கிலம் வரும் என்பதால் எல்லாமே வரும் என்று திருநெல்வேலிக்காரியான நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரக்கைச் சோதிக்க லண்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெட்டிகள் கட்டி முடியச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். கேன்டீன் டிவியில் இந்தியா பேட்டிங் செய்யத் தொடங்கியிருந்தது. தம் ஊரில் இதற்கு ‘ஸ்பிரெட் பெட்டிங்’ ஆடுவேன் என்றார் அவர்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் நிமிர்ந்தார். “ஸ்பிரெட்டுங்களா? மேசையில துணி விரிக்கறதுக்கா பந்தயம்?”

“அது வேற அண்ணாச்சி. நான் சொல்லுதேன்” என்றேன், எனக்கே தெரியாத விஷயத்தை.

லண்டன்காரர் ஓர் அட்டையில் 255, 265 என்று எழுதினார். இந்தியா அதற்கு மேல் அடிக்கும் என்றால் 265க்கு வாங்கவேண்டும், அது ‘லாங்’. குறைவு என்றால் 255க்கு விற்கவேண்டும்; அது ‘ஷார்ட்’. எத்தனை ஓட்டம் தள்ளிப் போகிறதோ அத்தனை பங்கு லாபம் அல்லது நட்டம். ஓட்டத்துக்கு ஒரு பருப்பு வடை என்று முடிவாயிற்று.

நான் வாங்கினேன். “ஷார்ட்டுன்னா எனக்கு நல்லாத் தெரியுமுங்க. வாராவாரம் துணி ஷார்ட்டு” என்று மாஸ்டர் விற்றார். பிறகு கேட்டார்: “தப்பாப் போச்சுன்னா நடுவுல நிறுத்திக்கலாமுங்களா?”

லண்டன்காரருக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பெயர் ‘ஸ்டாப் லாஸ்’ என்றார். ஆட்டத்தின் போக்குக்கேற்ப அவர் மாற்றி மாற்றி எழுதும் விலை 275ஐத் தொட்டால் மாஸ்டர் இருபது வடையோடு கழன்றுகொள்ளலாம். உனக்கும் வேண்டுமா என்றார். தேசபக்தி தடுத்தது, வேண்டாம் என்றேன்.

ஆளுக்குப் பத்து வடை முன்பணமாக வைக்கச் சொன்னார். அது ‘மார்ஜின்’. மூன்று விக்கெட் விழுந்து விலை சரிந்ததும் என்னிடம் மட்டும் இன்னும் முப்பது கேட்டார்.

“அம்மணி, மொத்தமா எத்தனைன்னு சொன்னீங்கன்னா மாவு ஆட்டிருவேனுங்க” என்றார் சமையல்கார அக்கா.

இந்தியா 187இல் சுருண்டது. என் கணக்கில் எழுபத்தெட்டு வடை. மாஸ்டருக்கு அறுபத்தெட்டு போனது. மீதிப் பத்தை லண்டன்காரர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இவருக்கு எதுக்கு பத்து?” என்று கேட்டேன்.

“அதுதானுங்க ஸ்பிரெட்டு” என்றார் மாஸ்டர். “வாங்கற வெலைக்கும் விக்கற வெலைக்கும் நடுவுல இருக்கறதுங்க. நம்ம ரெண்டு பேர்த்துல யாரு செயிச்சாலும் அவருக்குண்டு.”

வரிக்கு வரி மொழிபெயர்த்தவள் நான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

பேக்கிங் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் என் தட்டில் இரண்டு வைத்தார். “சாப்புடுங்க அம்மணி, சூடா இருக்குது.”

மொறுமொறுவென்று இருந்தது. மூன்றாவதையும் கேட்டு வாங்கித் தின்றேன்.