தேயிலைப் பெட்டி அன்னங்கள்

பிள்ளைகளே, போன கிழமை பக்கத்து வீட்டுப் பெடியனின் கொப்பியைப் பார்த்து, "என்ன வடிவான எழுத்து!" என்று நான் சொன்னதற்கு நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் எனக்கு முகம் தரவில்லை. உங்கள் எழுத்தை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையாம். உண்மைதான். அதற்கு நியாயம் சொல்ல நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. அதனால் பதினொரு வயதில் நான் செய்த ஒரு கெட்ட வேலையைச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் இதை இதுவரை சொன்னதில்லை.

அப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. வெள்ளைக்காரக் கடற்படை தளத்தை விட்டுப் போன காலத்தில், தச்சுப் பட்டறையில் இருந்த ஒரு துரை தன் பிரெற்வாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வளைந்த இரும்புச் சட்டம், அதன் இரண்டு வாய்க்கும் நடுவில் நூலைவிடச் சற்றே தடித்த அலகு. பலகையில் பூவும் கொடியும் வெட்டுகிற வாள் அது. பலகைக்கும் எங்களுக்குக் குறைவில்லை. கப்பலில் ஏற்றும்போது உடைந்துபோன தேயிலைப் பெட்டிகளின் மெல்லிய ஒட்டுப்பலகையை அப்பா கொண்டு வருவார். ஒரு பக்கத்தில் கறுப்பு எழுத்து இருக்கும். மூக்கை வைத்தால் தேயிலை மணக்கும்.

வேலை இதுதான். கடதாசியில் கீறிய படத்தைச் சோற்றுப் பசையால் பலகையில் ஒட்ட வேண்டும். உள்ளே வெட்டவேண்டிய இடத்தில் சின்னத் துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள்ளால் விட்டு, திரும்பவும் பூட்ட வேண்டும். உள்வெட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிக்கோடு. ஆசைப்பட்டு வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் பிடிக்க இடமிருக்காது, உள்ளே போகும்போது முறிந்துவிடும். வாள் ஒரே இடத்தில் மேலும் கீழும் போகும். திரும்ப வேண்டியது பலகை.

இதுதான் எனக்கு ஏறவில்லை.

"வாளைத் திருப்பாதையடா! பலகையைத் திருப்பு! எத்தினை தரம் சொல்லுறது? மாட்டுக்குச் சொன்னாலும் விளங்கும்!"

ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் பாட்டைக் கேட்டேன். அலகு முறிந்தால் இன்னொரு பாட்டு.

அந்த வருடம் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கச்சியின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். குச்சவெளி மாமி என்று நீங்கள் கூப்பிடுவது அவளைத்தான். ரவுண் பள்ளிக்கூடத்தில் படிக்கவென்று வந்து எங்களோடு தங்கினாள். அப்பா எனக்கு ஏசும்போது பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஒருநாள், "மாமா, நானும் ஒருக்கா வெட்டிப் பாக்கட்டோ?" என்று கேட்டாள். வாங்கினாள். வெட்டினாள். பலகை அவள் விரலுக்குள் தண்ணீரில் போகிற இலை மாதிரித் திரும்பியது. ஏச்சு எனக்கு, பாடம் அவளுக்கு!

அன்றையிலிருந்து அப்பாவின் வாயில் மருமகள்தான். "மருமகளின்ர கையைப் பார்." "மருமகள் இருக்கேக்க எனக்கென்ன குறை." எனக்குச் சோறு இறங்காது. குசினியில் அம்மா அவளுக்கு முதல் அப்பம் வைத்தால் அதையும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

சின்னம்மாவின் கலியாணம் வந்தது. மணவறையின் இரண்டு பக்கமும் வைக்க இரண்டு அன்னம் வேண்டும் என்றார் அப்பா. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. நான் விளையாடப் போகவில்லை. அலகுக்கு மெழுகுதிரி தடவி, மூச்சைப் பிடித்து, பலகையைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். இறகுக்குள் பதினேழு துளை. ஒன்றும் முறியவில்லை. அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரவேண்டும். எனக்கு அதுதான் கணக்கு.

இரண்டு அன்னத்தையும் முற்றத்து வாங்குப் பலகையில் வைத்திருந்த நேரம் கிண்ணியாக் காக்கா வந்தார். அப்பாவின் கூட்டாளி, விறகு வியாபாரி.

"அடேயப்பா! ஆரு வெட்டின?"

"இது எங்கட மருமகளின்ர. சின்னப் பிள்ளையெண்டு நம்புவியளோ?"

"மாஷா அல்லாஹ்! அப்ப இது?" காக்கா என்னுடையதைத் தூக்கினார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதோ? அது இவன்ர. அது வெட்டினதில்லை காக்கா, கடிச்சது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். காக்கா என் தலையைத் தடவினார். மச்சாள் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பெருமை காட்டுகிற மாதிரித்தான் தெரிந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அவள் ஈரத்துணியால் ஒற்றி, தன் அன்னத்தில் ஒட்டியிருந்த கடதாசியை உரித்தாள். பிறகு அதை நிழலில் காயவைத்துவிட்டு, அம்மாவோடு பலகாரம் சுடக் கலியாண வீட்டுக்குப் போனாள். வீட்டில் நான் மட்டும். தேயிலைப் பெட்டிப் பலகை ஈரத்துக்கு ஆகாது. மூன்று மெல்லிய மரத்தாளை ஒன்றாக ஒட்டிய பலகை அது, ஊறினால் பிரிந்துவிடும். அதுவும் அப்பா எனக்கு ஏசிச் சொல்லித் தந்த பாடம்தான். நான் துணியைத் தண்ணீரில் தோய்த்து, பிழியாமல், நாலாக மடித்து அன்னத்தின் மேல் போட்டேன். போதாதென்று இரண்டு சிரட்டை தண்ணீரும் ஊற்றினேன். உள்ளதைச் சொல்கிறேன், சந்தோசமாகத்தான் இருந்தது.

விடிய அப்பா துணியைத் தூக்கினார். கழுத்து பிளந்து, இறகெல்லாம் ஏடு ஏடாக எழும்பி நின்றது.

"மருமகள், துணியை எடுக்க மறந்திட்டியோ?"

அவள் அன்னத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தரம்.

"ஓம் மாமா. மறந்திட்டன்."

இப்போது விழும் ஏச்சு, மாடு வரும், எருமை வரும் என்று காத்திருந்தேன். அப்பா துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"பரவாயில்லை மருமகள். நீ ஒண்டுக்கும் யோசிக்காத."

அவ்வளவுதான். நான் ஒரு அலகை முறித்தாலே ஊர் கேட்கும்!

சரி, என் அன்னமாவது மணவறை ஏறும் என்று நினைத்தேன். அம்மா அதற்கும் வழி விடவில்லை.

"கலியாணத்தில ஒற்றையா ஒண்டு வைக்கக் கூடாது. சோடி இல்லாட்டி ரெண்டும் வேண்டாம்."

இன்னொன்று வெட்ட நல்ல அலகு மிச்சமில்லை, விடிந்தால் கலியாணம். அன்னங்களுக்குப் பதில் இரண்டு பக்கமும் மினுக்கல் கடதாசி விசிறி வைத்தார்கள். பதினேழு துளை போட்ட என் அன்னம் அலுமாரிக்கு மேலே போனது.

கலியாணத்துக்கு முதல் நாளான அன்று மத்தியானம் கிணற்றடிக்குப் போனேன். துலாக்காலுக்குப் பின்னால் மச்சாள் குந்தியிருந்து அழுதாள். சத்தமில்லாமல், பாவாடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு.

"அப்பா ஏசவே இல்லையே. ஏன் அழுறாய்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்," என்றாள்.

பிள்ளைகளே, எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஏச்சு விழாததற்கு அழுகிற ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. நம்முடைய ஆட்கள் வீட்டுக்கு வந்த பிள்ளையைத்தான் புகழுவார்கள், சொந்தப் பிள்ளைக்கு ஏசுவார்கள் என்பதோ, வந்த பிள்ளையால் வீட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க ஏலாது என்பதோ எனக்குத் தெரியாது. அப்பா எனக்குத் தராத சொல்லை எண்ணி நான் வெந்துகொண்டிருந்தேன். எனக்கு நாள்தோறும் கிடைத்த ஏச்சை எண்ணி அவள் வெந்திருப்பாள் என்று நினைக்க அந்த வயதில் எனக்குப் புத்தி இருக்கவில்லை.

அடுத்த நாள் கலியாணம் முடிந்து, சாப்பிட்டு வந்த பிறகு எங்கள் வீடு முழுக்கப் படுத்துக் கிடந்தது. குசினியில் ஒரு பிடி சோறு எடுத்தேன். பின்பக்கம் போய் அதைப் பிசைந்து பசையாக்கி, அங்கே எறிந்து கிடந்த அவளுடைய அன்னத்தின் ஏடுகளுக்குள் ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். கழுத்தை நேராக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அமத்தினேன். கையை எடுக்க எடுக்க எழும்பியது. மேலே வைக்கப் பாரமாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பலகைத் துண்டை மேலே போட்டு, அதில் நானே ஏறிக் குந்தினேன். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை அசையாமல் இருந்தேன்.