டீசல் டேங்குக்கு ஒரு பூட்டு

லாரித் தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "நிறுத்துன வண்டியில டீசல் திருடு போகாம எப்படிண்ணா காப்பாத்துறது?" வழி எனக்குத் தெரியும், சொல்கிறேன். அதற்கு முன்னால் அருளப்பன் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வண்டியின் டேங்குக்குப் பூட்டு வைக்கப் போய்த்தான் அவர் உயிரை விட்டார். அறுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரியில் நடந்தது.

1. குருபரப்பள்ளியில் நின்ற வண்டி

ஊத்தங்கரையில் புளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது நான். கிளீனர் முனுசாமி என்னைவிட வயதில் மூத்தவன். மூட்டை ஏற்றி முடிக்கவே விடிந்துவிட்டதால் குருபரப்பள்ளி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். எழுந்து வந்து வண்டியைக் கிளப்பினால் நாலு தரம் இருமிவிட்டு அணைந்துவிட்டது. முனுசாமி மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்தான். நுனியில் மட்டும் ஈரம்.

"எல்லாம் கோவிந்தா, தொடச்சு எடுத்துட்டானுங்கடா!"

பட்டப்பகலில், இத்தனை பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், ஒருவன் ரப்பர் டியூபைப் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்துப் போயிருக்கிறான். ஓட்டல்கார ரெட்டியைக் கேட்டோம். "நாகு தெலீது நாயனா" என்று தனக்கு ஒன்றும் தெரியாதெனத் தெலுங்கில் கையை விரித்துவிட்டு, தமிழுக்கு வந்தார். "நான் கல்லாவைப் பார்க்கறதா, உன் டேங்கைப் பார்க்கறதா?"

அந்த நாளில் டேங்க் மூடிக்குப் பூட்டெல்லாம் கிடையாது. சுவர் இருந்தால் டேங்க் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவோம். இல்லாவிட்டால் டேங்குக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுப்போம். சில டிரைவர்கள் மூடியைச் சுற்றி கிரீஸைப் பூசி வைப்பார்கள். திருடு போனது அதில் தெரியுமே தவிர, போன டீசல் திரும்பி வராது. நாங்கள் அன்று நிழலைத் தேடிக் கட்டிலைத் தள்ளிப் போட்டிருந்தோம்.

2. முதலாளி

முனுசாமி பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு கேன் டீசலோடு வந்தான். டீசல் பைப்பில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி வண்டியைக் கிளப்பினோம். பெங்களூருக்குப் போகாமல் கிருஷ்ணகிரிக்குத் திருப்பச் சொல்லி அங்கே இருந்த முதலாளி அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதலாளி நஞ்சப்பாவுக்கு இருந்தது இந்த ஒரு வண்டிதான். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் டீசல் காணாமல் போனால் எந்த முதலாளியின் கண்ணும் முதலில் டிரைவர் மேல்தான் போகும். அதற்கு அவரும் விலக்கில்லை.

"தூங்கிட்டு இருந்தியா, இல்ல வித்துட்டுத் தூங்குனியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சாவிய வச்சுக்கங்க, வேற ஆளப் பாருங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் திரும்ப என் சட்டைப் பையிலேயே போட்டார்.

"கோவிச்சுக்காதப்பா. டேங்குக்குப் பூட்டுப் போட்டுடலாம். பூட்டு இருந்தா நானும் உன்னக் கேக்க மாட்டேன், நீயும் எனக்குப் பதில் சொல்ல வேணாம். அருளப்பன் பட்டறைக்கு விடு."

3. வெயிலில் வைத்த டேங்க்

பழைய பேட்டை பக்கம் ரோட்டோரத்தில் இருந்தது பட்டறை. மேலே நாலு தகரம், ஒரு மூலையில் காஸ் எடுக்கிற கார்பைடு டிரம், கையில் காஸ் டார்ச். இந்தப் பக்கத்து லாரிகளுக்கு அருளப்பன் வைத்த வெல்டிங் ஒட்டுதான் கடைசிவரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் பட்டறையைத் திறப்பார், முதலாளிமார் வாசலில் காத்துக்கிடந்தாலும் சரி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவர் வீடு. மனைவி பெயர் லூர்து.

டீசல் டேங்க் என்றால் அவருக்கு ஒரு முறை இருந்தது. டேங்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை வடித்து, சோடாக்காரம் போட்டுக் கழுவி, பிறகு கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்புவார். அதற்கப்புறம்தான் டார்ச்சைப் பற்றவைப்பார். உள்ளே தண்ணீர் நின்றால் ஆவி தங்க இடமிருக்காது. இதையெல்லாம் அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. அவர் செய்வார், நாங்கள் பீடி பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பட்டறைக் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பொம்பளைகள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

டேங்கைக் கழற்றி இறக்கினோம். அடியில் கிடந்ததையும் வடித்துவிட்டோம். மேஸ்திரி டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"தண்ணி ரொப்பாம ஒட்டு வைக்கிறது இல்லீங்களே. நாளைக்கு ஆவட்டுமா?"

"குடிக்கவே தண்ணியக் காணோம், டேங்குக்கு எங்க போறது?" என்றார் நஞ்சப்பா. "பெங்களூருல மண்டிக்காரன் காத்துட்டு இருக்கான். உள்ளதான் ஒண்ணுமே இல்லியே மேஸ்திரி, திருடனே தொடச்சு வச்சுட்டுப் போயிருக்கான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தார்.

"சரி, வெயில்ல வைங்க. நல்லாக் காயட்டும். பூட்டு மாட்ட ரெண்டு கொண்டிதான, ஒட்டிக் குடுத்துடறேன்."

மூடியைத் திறந்து சித்திரை வெயிலில் டேங்கை வைத்தோம். காய்ந்துவிட்டால் பயமில்லை என்று எல்லோருமே நம்பினோம். உண்மை அதற்கு நேர் எதிர். நிறைய டீசல் நிற்கிற டேங்கைவிட, வடித்துச் சூடேறிய டேங்க்தான் ஆபத்தானது. ஒட்டியிருக்கும் கொஞ்சம் டீசலும் ஆவியாகி உள்ளேயே நிற்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. மேஸ்திரிக்கு இது தெரியும். தெரிந்தவரே ஒருநாள் விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

முதலாளி பூட்டு வாங்கக் கடைக்குப் போனார். நான் வண்டியின் அந்தப் பக்கம் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கொண்டி ஒட்டியாகிவிட்டது. இரண்டாவதற்கு டார்ச்சைக் கொண்டு போயிருக்கிறார். டேங்க் வெடித்த வேகத்தில் மேலே இருந்த தகரம் பறந்து ரோட்டில் விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். டேங்கின் ஒரு பக்கத் தகடு பிய்ந்து அவர் நெஞ்சில் அடித்திருந்தது. முகத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். முதலாளி புதுப் பூட்டைக் காகிதத்தோடு கையில் பிடித்தபடி ரோட்டிலேயே நின்றுவிட்டார்.

4. ஓசூர் வரைக்கும்

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, "இங்க ஒண்ணும் பண்ண முடியாது, பெங்களூருக்குக் கொண்டு போங்க" என்றார்கள். ஊரில் இருந்த வாடகைக் காரெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. இருந்தது எங்கள் லாரி ஒன்றுதான், அதற்கு டேங்க் இல்லை.

கேபின் கூரைமேல் டீசல் கேனைக் கட்டினேன். அதிலிருந்து ரப்பர் டியூபை நேராகப் பம்புக்கு இறக்கினேன். கேன் சாயாமல் பிடித்துக்கொள்ள முனுசாமி மேலே ஏறி உட்கார்ந்தான். மூட்டையை இறக்க நேரமில்லை, அத்தனை புளியோடும் கிளம்பினோம். என் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் மேஸ்திரியைக் கிடத்தினோம். லூர்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

குருபரப்பள்ளியைத் தாண்டும்போது மேஸ்திரி பேசினார். "லூர்து, டார்ச்ச அணச்சாங்களா?"

"அணச்சாச்சு. நீங்க பேசாதீங்க."

சூளகிரி ஏற்றத்தில் வண்டி நடைவேகத்தில் ஏறியது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே அழுதேன். உச்சிக்கு வரும்போது, பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் துணியை மேலே இழுத்து மூடினார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் லூர்து முதலாளியிடம் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"தண்ணி ஊத்தாம டேங்குல கை வைக்க மாட்டாரே. இன்னிக்கு ஏன் ஊத்தல?"

"கெணத்துல தண்ணி இல்லம்மா. கொழாயிலயும் வரல."

"எதிர் வீட்டுலதான இருந்தேன். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? எத்தன கொடம்னாலும் எங்கியாச்சும் போயித் தூக்கியாந்து ஊத்தியிருப்பேனே."

நஞ்சப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

டீசலை எடுத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கிருஷ்ணகிரியில் அருளப்பன் என்று ஒருவர் இருந்தார், செத்துப் போனார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

கேட்ட கேள்விக்கு இப்போது பதில். டேங்க் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். கட்டிலை நிழலுக்கு இழுக்காதீர்கள், டேங்கை ஒட்டியே படுங்கள். பூட்டு வேண்டுமானால் டேங்கைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு நட்டு போல்ட்டால் முடுக்குங்கள், அதற்கு நெருப்பு வேண்டியதில்லை. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றுங்கள், கழுவுங்கள், தண்ணீர் நிரப்புங்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும், வேலை தெரிந்த மேஸ்திரியே பரவாயில்லை என்றாலும், தண்ணீர் வரும்வரை டார்ச்சைப் பற்றவைக்க விடாதீர்கள். தண்ணீர் கிடைக்கவில்லையா, பூட்டே வேண்டாம். டீசல் போனால் போகட்டும்.